22 நிமிடம் நின்ற ‘செயற்கைச் சூரியன்’: மற்ற நாளெல்லாம் அந்த இயந்திரத்தில் என்ன வேலை?

2025 பிப்ரவரி 12 அன்று பிரான்சில் உள்ள வெஸ்ட் என்ற அணு இணைவு ஆய்வு இயந்திரம் 1,337 நொடி, அதாவது 22 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், பிளாஸ்மா எனும் மிகச் சூடான வாயுவை அணையவிடாமல் வைத்திருந்தது. அதற்கு மூன்று வாரம் முன்னால் சீனாவின் ஈஸ்ட் இயந்திரம் 1,066 நொடி தொட்டிருந்தது. தமிழில் செய்தியாக வந்தபோது இது ‘செயற்கைச் சூரியன் சாதனை’ ஆனது. காரைக்குடி வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேர்வதற்குள் ‘இனிமேல் கரண்ட் இலவசம்’ ஆகிவிட்டது.

இரண்டு இயந்திரமும் ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தயாரிக்கவில்லை. தயாரிக்க முயலவும் இல்லை. பிளாஸ்மாவை எவ்வளவு நேரம் பிடித்து வைக்க முடியும் என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். நொடிக்கணக்கு மட்டுமே செய்தியாவதால் ஒரு முக்கியமான விஷயம் மறைந்துபோகிறது. இணைவு ஆய்வின் பெரும்பகுதி இயந்திரம் ஓடாத நேரத்தில்தான் நடக்கிறது: கசிவு தேடுவது, சுவரைச் சுடவைப்பது, குழாயைச் சோதிப்பது, வெந்துபோன சுவர் ஓடுகளை மாற்றுவது. மின்சாரம் எப்போது வரும் என்ற கேள்விக்கும் விடை பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. உலோக அரிப்பை ஆராயும் தேசிய நிறுவனம் ஒன்றை 1953 முதல் வைத்திருக்கும் காரைக்குடிக்கு இந்தக் கதை அவ்வளவு அந்நியமும் இல்லை.

முதலில் அடிப்படை

கூடங்குளத்தில் நடப்பது அணுப்பிளவு. கனமான யுரேனியம் அணுக்கரு உடைகிறது, வெப்பம் வருகிறது. இணைவு இதற்கு நேர் எதிர்: இரண்டு லேசான அணுக்கருக்கள் ஒன்று சேர்கின்றன. ஆய்வாளர்கள் குறிவைப்பது ஹைட்ரஜனின் இரண்டு வகைகளை, டியூட்டீரியத்தையும் டிரிட்டியத்தையும். இரண்டும் சேர்ந்தால் ஒரு ஹீலியம் கருவும் ஒரு நியூட்ரானும் வரும். கிடைக்கும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அதன் விளைவைப் பின்னால் பார்க்கலாம்.

அடிக்கடி வரும் சொற்கள் நான்கு:

1. பிளாஸ்மா: அணுவிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்துபோகும் அளவுக்குச் சூடான வாயு. சூரியனின் மையம் சுமார் 1.5 கோடி டிகிரி. அங்கே உள்ள பிரம்மாண்டமான அழுத்தம் நம்மிடம் இல்லாததால், இங்கே 15 கோடி டிகிரி தேவைப்படுகிறது.

2. டோகாமாக்: உளுந்துவடை வடிவக் கலன். சுற்றிலும் காந்தச் சுருள்கள். பிளாஸ்மா சுவரைத் தொடாதபடி காந்தப்புலம் அதை நடுவில் நிறுத்துகிறது. 1950களில் சோவியத் நாட்டில் பிறந்த வடிவம். காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆதித்யா (1989), எஸ்எஸ்டி-1 இரண்டும் இந்த வகைதான்.

3. ஷாட்: ஒரு முறை பிளாஸ்மாவை உண்டாக்கி அணைப்பது. இங்கிலாந்தின் ஜெட் இயந்திரம் 1983 முதல் 2023 டிசம்பர் 18 வரை 1,05,842 ஷாட் அடித்தது.

4. கியூ: உள்ளே கொடுத்த வெப்பத்துக்கும் இணைவில் வந்த ஆற்றலுக்கும் உள்ள விகிதம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பம்ப், காந்தம், குளிரூட்டி இவற்றுக்கான மின்சாரம் இந்தக் கணக்கில் வராது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லேசர் இணைவு ஆய்வகம் 2.05 மெகாஜூல் கொடுத்து 3.15 எடுத்ததாகச் செய்தி வந்தது. உண்மைதான். ஆனால் அந்த லேசர்களை இயக்க மின்வலையிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல்.

ஜெட் தன் கடைசி ஆண்டில் 69 மெகாஜூல் எடுத்து உலக சாதனை செய்தது. நம் மீட்டர் கணக்கில் சொன்னால் சுமார் 19 யூனிட். தமிழ்நாட்டில் 2025இல் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தந்த 100 யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் வெப்பமாக வந்தது, மின்சாரமாக அல்ல.

ஒரு ஷாட்டுக்கு முன்னும் பின்னும்

ஷாட் என்பது பொத்தானை அமுக்கியதும் நடந்துவிடுகிற காரியமில்லை. முதலில் காந்தச் சுருள்களில் மின்சாரம் ஏற வேண்டும். ஜெட்டின் தாமிரச் சுருள்கள் கேட்ட மின்சாரத்தை மின்வலையால் ஒரே மூச்சில் தர முடியாது. அதனால் ஒவ்வொன்றும் 775 டன் எடையுள்ள இரண்டு சுழல்சக்கரங்களை நிதானமாக வேகமேற்றி, ஷாட்டின்போது அந்த ஆற்றலை உருவி எடுத்தார்கள். அப்புறம் கலனுக்குள் ஒரு பொட்டு வாயு, நடுச் சுருளின் தூண்டலில் அது பற்றிக்கொள்ளும், மின்னோட்டம் ஏறும், வெளியிலிருந்து துகள் கற்றையும் ரேடியோ அலையும் பாய்ச்சிச் சூடேற்றுவார்கள். கடைசியில் படிப்படியாக இறக்க வேண்டும்.

இறக்கம்தான் பயம். பிளாஸ்மா கட்டுப்பாடு இழந்து சட்டென்று அணைந்தால், அதில் ஓடிய மின்னோட்டம் சில மில்லிநொடிகளில் செத்துப்போகும். அந்த அதிர்வு கலனையே உலுக்கும். சில நேரம் கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் ஓடும் எலெக்ட்ரான் கற்றை பிறந்து சுவரில் ஒரே இடத்தைத் துளைக்கும். ஜெட்டில் கடைசி நாளன்று அத்தகைய கற்றையை வேண்டுமென்றே உள்சுவரில் மோதவிட்டுப் பார்த்தார்கள். இனிமேல் பழுது பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்பதால் எடுத்த துணிச்சல் அது.

ஷாட் முடிந்ததும் சுருள்கள் ஆற வேண்டும், தரவு பார்க்க வேண்டும், ஏதாவது அளவுக் கருவி பழுதாகியிருந்தால் சரிசெய்ய வேண்டும். சில நொடி ஷாட்டுக்கு அரை மணி நேரம் காத்திருப்பது சாதாரணம்.

வெற்றிடம்: தினசரிப் போராட்டம்

பிளாஸ்மா மிக மிக மெல்லியது. காற்றின் அடர்த்தியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பிரான்சில் கட்டப்படும் ஐடெர் இயந்திரத்தின் கலன் ஒரு பெரிய வீட்டளவு. அதற்குள் எரியும் எரிபொருளோ சில கிராம்தான். இவ்வளவு கொஞ்சமாக இருப்பதால் சிறு அழுக்குகூடப் பெரும் அழுக்கு. ஆக்சிஜனோ கார்பனோ கலந்தால் பிளாஸ்மா ஒளியாகவே வெப்பத்தை இழந்து குளிர்ந்துவிடும். டங்ஸ்டன் இன்னும் மோசம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு கலந்தாலே எரிப்பு கெட்டுவிடும்.

ஆகவே ஒரு முறை கலனைத் திறந்து மூடினால் பின்வரும் வேலைகள் கட்டாயம்:

1. பம்ப் வரிசை. சாதாரண பம்ப் காற்றில் மிகப் பெரும்பகுதியை எடுக்கும். பிறகு நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுற்றும் டர்போ பம்ப். பெரிய இயந்திரங்களில் அதற்கும் மேல், வாயுவை உறையவைத்துப் பிடிக்கும் குளிர் பம்ப்.

2. கசிவு தேடல். எந்த வாயு இருக்கிறது என்று காட்டும் நிறை நிறமாலைமானியைக் கலனோடு இணைத்துவிட்டு, வெளியே ஒவ்வொரு வெல்டிங், ஒவ்வொரு ஃப்ளாஞ்ச் இணைப்பு மீதும் மெல்லிய குழாயால் ஹீலியம் பீய்ச்சுவார்கள். ஹீலியம் அணு மிகச் சின்னது, காற்றில் மிக அரிது, எதோடும் வினைபுரியாது. உள்ளே அது தென்பட்டால் ஓட்டை அங்கேதான். கேட்க எளிது. ஆயிரக்கணக்கான இணைப்புகள் இருக்கும் இயந்திரத்தில் வாரக்கணக்கில் இழுக்கும் வேலை.

3. கசிவே இல்லாத கசிவு. வெளியே எங்கும் ஓட்டை இருக்காது, ஆனாலும் அழுத்தம் இறங்காது. போல்ட் மரையின் அடியில் மாட்டிக்கொண்ட காற்று சொட்டுச் சொட்டாக வெளியே வந்துகொண்டிருக்கும். ஹீலியம் பீய்ச்சி இதைப் பிடிக்க முடியாது. அதனால் கலனுக்குள் போடும் போல்ட்டுகளுக்கு நீளவாக்கில் நடுவில் துளை போட்டே பொருத்துகிறார்கள். இப்படி ஒரு அற்ப விஷயத்தில் மாதங்களைத் தொலைத்தவர்கள் உண்டு.

4. சுடவைத்தல். காற்றிலுள்ள ஈரம் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பம்ப் மட்டும் அதை உரிக்காது. கலன் முழுவதையும் சுமார் 200 டிகிரியில் பல நாள் சுடவைத்தால்தான் விடும்.

5. சுவருக்குப் பூச்சு. மங்கலான மின்னொளிர்வில் சுவரைத் துலக்கிவிட்டு, போரான் சேர்ந்த வாயுவைச் செலுத்தி மிக மெல்லிய போரான் படலம் படியவைப்பார்கள். மிச்ச ஆக்சிஜனை அது விழுங்கிவிடும். கொஞ்ச காலத்தில் தேய்ந்துபோகும், மறுபடி பூச வேண்டும்.

கையுறை இல்லாமல் உள்ளே ஒரு பாகத்தைத் தொடக்கூடாது என்பது எல்லா ஆய்வகத்திலும் உள்ள விதி. விரல் ரேகையின் எண்ணெய் வெற்றிடத்தைக் கெடுக்கும். வியர்வையின் உப்பு வேறொன்றைக் கெடுக்கும், அதற்கு வருவோம்.

உள்சுவர்: ஓட்டுக்கு ஓடு

டோகாமாக்கின் உள்ளே முழுக்க ஓடு பதித்திருக்கும். ஆத்தங்குடிக் கல் பதிக்கிற கொத்தனார், ஒரு கல்லின் விளிம்பு பக்கத்துக் கல்லைவிடத் துளி மேலே நின்றாலும் தட்டி இறக்குவார். இல்லாவிட்டால் நடப்பவர் கால் இடறும். டோகாமாக்கிலும் அதே கவலைதான், தண்டனைதான் வேறு. காந்தக் கோடுகளோடு சாய்வாக வழுக்கி வரும் வெப்பம், துருத்தி நிற்கும் விளிம்பில் நேராக மோதி அதை உருக்கிவிடும். 3,400 டிகிரி தாண்டினால்தான் உருகும் டங்ஸ்டனே அப்படிக் கரைகிறது. அதனால் ஐடெரின் டங்ஸ்டன் கட்டிகளின் மேல்பரப்பை அரை மில்லிமீட்டர் சாய்வாகச் செதுக்கி, ஒவ்வொன்றும் அடுத்ததன் விளிம்பை நிழலில் மறைக்கும்படி செய்திருக்கிறார்கள்.

கழிவு வெப்பம் வந்து இறங்கும் அடிப்பகுதிக்கு டைவர்ட்டர் என்று பெயர். அங்கே ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கோடி வாட் வெப்பம் தொடர்ந்து விழும். ஐடெரில் தலா சுமார் 10 டன் எடையுள்ள 54 பெட்டிகளாக அதைப் பிரித்திருப்பதே, தேய்ந்த பிறகு கழற்றி மாற்றத்தான்.

சுவர்ப் பொருளும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முன்பு கார்பன், அது டிரிட்டியத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டதால் ஜெட் 2009 முதல் 2011 வரை நிறுத்தப்பட்டு, பெரிலியமும் டங்ஸ்டனும் பதிக்கப்பட்டன. பெரிலியத் தூள் நுரையீரலுக்கு விஷம். ஐடெர் இப்போது அதையும் கைவிட்டு முழு டங்ஸ்டனுக்கு வந்துவிட்டது.

தண்ணீரும் உப்பும் விரிசலும்

இவ்வளவு வெப்பத்தையும் கடைசியில் எடுத்துப்போவது தண்ணீர். தாமிரச் சுருள் உள்ள இயந்திரங்களில் கம்பியே குழாய்தான்: உள்ளே துளை, துளைக்குள் தண்ணீர், சுற்றிலும் உயர் மின்னழுத்தம். அந்தத் தண்ணீரில் உப்பு இருந்தால் அதன் வழியாகவே மின்சாரம் கசியும், தாமிரமும் அரிக்கும். குடிக்க இனிக்கும் காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீரும் இதற்கு உதவாது. அயனிகளை நீக்கி, மின்கடத்துதிறனை விடாமல் கண்காணித்து, கரைந்த ஆக்சிஜனையும் கட்டுப்படுத்த வேண்டும். இந்த நீர் வேதியியலைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி எழுதுவதில்லை.

எழுதவேண்டி வந்த நிகழ்வு ஒன்று 2022 நவம்பரில் வெளியே அறிவிக்கப்பட்டது. ஐடெரில் கலனுக்கும் காந்தங்களுக்கும் நடுவே வெள்ளி பூசிய எஃகு வெப்பக் கவசம் இருக்கிறது. அதன் முதுகில் குளிர்ந்த ஹீலியம் ஓடும் குழாய்கள், மொத்தம் சுமார் 23 கிலோமீட்டர். ஹீலியம் சோதனையில் கசிவு தெரியவந்தது. வெட்டிப் பார்த்தால் 2.2 மில்லிமீட்டர் ஆழம்வரை விரிசல்கள். காரணம் இரண்டும் சேர்ந்தது: குழாயை வளைத்துப் பற்றவைத்தபோது உலோகத்துக்குள் தங்கிய இழுவிசை, வெல்டிங் ஓரங்களில் கழுவாமல் நின்ற குளோரின் எச்சம்.

இதற்குத் தகைவு அரிப்பு விரிசல் என்று பெயர். துருப்பிடிக்காத எஃகு என்று நம்பி வாங்கும் பொருளுக்கு உள்ள பழைய வியாதி இது. மூன்று விஷயம் ஒன்றுசேர வேண்டும்: உலோகத்தில் இழுவிசை, குளோரைடு, சிறிது ஈரம். மேல்பரப்பு பளபளவென்று இருக்கும்; உள்ளே முடிபோல் விரிசல் கிளைவிட்டு ஓடும். மூன்றில் ஒன்றை நீக்கினாலும் வியாதி நின்றுவிடும். சாதாரணமாக நீக்க முடிவது குளோரைடைத்தான், நன்றாகக் கழுவுவதன் மூலம்.

விளைவைப் பாருங்கள். 2022 மே மாதம் இயந்திரக் குழிக்குள் இறக்கிய, அந்தக் கவசமும் சேர்ந்த சுமார் 1,350 டன் கலன் தொகுதியை 2023 ஜூலையில் திரும்பத் தூக்கி வெளியே எடுத்து, பிரித்துப் பழுது பார்த்தார்கள். கலன் துண்டுகளின் பற்றவைப்பு விளிம்புகளும் அளவு பிசகியிருந்தன. கொரோனாவும் சேர்ந்துகொள்ள, 2025இல் முதல் பிளாஸ்மா என்றிருந்த திட்டம் மாறி, 2034இல் ஆய்வு தொடக்கம், 2039இல் டிரிட்டியம் என்று ஆகியிருக்கிறது. 15 கோடி டிகிரி இயந்திரத்தைத் தாமதப்படுத்தியவற்றில் ஒன்று கழுவாத குளோரின்.

காரைக்குடிக்காரர்களுக்கு இது புதுப் பாடமில்லை. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் முக்கியப் பிரிவுகளில் அரிப்பும் மின்முலாமும் அடக்கம். மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை உப்புக் காற்றில் வருடக்கணக்கில் வைத்து அரிப்பை அளந்த நிறுவனம் இது. ஐடெரின் கவசத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகச் சொல்லவில்லை. பிரச்சினையின் இனம் ஒன்று.

காந்தம் பழுதானால்

சுருக்கமாக இரண்டு சம்பவம் போதும். அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் மேம்படுத்தப்பட்ட என்எஸ்டிஎக்ஸ் இயந்திரம் 2016இல் சில மாதம் ஓடியதும் ஒரு சுருள் ஷார்ட் ஆனது. ஒரே ஒரு சுருள்தான். ஆனால் அதை எடுக்க மற்றதைப் பிரிக்க வேண்டும், பிரித்துப் பார்த்தால் மற்றவையும் சந்தேகம். இயந்திரம் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தது. ஜப்பானின் ஜேடி-60எஸ்ஏ 2021 மார்ச்சில் சோதனையின்போது மீகடத்தி (மிகக் குளிரில் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும்) சுருள் இணைப்பின் மின்காப்பு பழுதாகி நின்றது. முதல் பிளாஸ்மா வந்தது 2023 அக்டோபரில்.

மீகடத்திச் சுருள்கள் மைனஸ் 269 டிகிரியில் இருப்பதால், திறப்பதற்கு முன் மெதுவாகச் சூடாக்க வேண்டும், மூடிய பிறகு மெதுவாகக் குளிர்விக்க வேண்டும். இரண்டுக்கும் தலா பல வாரம். ஐந்து நிமிட ரிப்பேர் என்று அங்கே ஒன்று கிடையாது.

நியூட்ரான் வந்த பிறகு

சாதனை படைத்த வெஸ்ட்டும் ஈஸ்ட்டும் டிரிட்டியம் பயன்படுத்தவில்லை. ஜெட் பயன்படுத்தியது. அங்கேதான் பராமரிப்பின் முகமே மாறுகிறது.

டியூட்டீரியமும் டிரிட்டியமும் சேரும்போது பறக்கும் நியூட்ரானைக் காந்தம் பிடிக்காது. அது சுவரைத் துளைத்து எஃகின் அணுக்களை இடம்பெயர்க்கும்; எஃகையே கதிரியக்கம் உள்ளதாக்கும். பிறகு கலனுக்குள் மனிதர் போவது பாதுகாப்பில்லை. ஜெட்டில் நீண்ட ரோபோ கரம் ஒன்று ஓட்டை வழியாக உள்ளே நுழைந்து வேலை செய்தது. வெளியே உட்கார்ந்த இயக்குநரின் கை அசைவை அது உள்ளே திருப்பிச் செய்யும், தொட்ட அழுத்தத்தை அவர் கையில் உணர்த்தும். 1998இல் டைவர்ட்டரையே மனிதர் நுழையாமல் மாற்றிக் காட்டினார்கள்.

ஒரு போல்ட்டைக் கையால் கழற்ற ஒரு நிமிடம் என்றால், ரோபோவால் கழற்ற அதற்கெனத் தனிக் கருவி, தனிப் பயிற்சி, மாதிரிக் கலனில் ஒத்திகை எல்லாம் வேண்டும். ரோபோ எட்டாத இடத்தில் வைத்த பாகம் பழுதானால் கதை முடிந்தது. ஆகவே எதை எங்கே வைப்பது என்பதே பராமரிப்பை மனத்தில் வைத்துத்தான் தீர்மானமாகிறது.

கதிரியக்கம் சீக்கிரம் தணியும் எஃகுகளைத் தேடுவதும் இதனால்தான். இந்தியாவுக்கென அப்படி ஒன்றை உருவாக்கியதில் நம் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பங்கு உண்டு.

அப்படியானால் மின்சாரம்?

கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் அணு உலை எரிபொருள் மாற்ற நிற்கும். மற்றபடி மாதக்கணக்கில் தொடர்ந்து ஓடும். மின் நிலையம் என்றால் அதுதான் தகுதி. இணைவு இயந்திரத்தில் செய்தியான சாதனையோ 22 நிமிடம். ஐடெர் 50 மெகாவாட் வெப்பம் கொடுத்து 500 மெகாவாட் எடுக்கப் பார்க்கிறது. மின்சாரம் தயாரிக்கும் ஏற்பாடு அதில் கிடையாது. தனியார் நிறுவனங்கள் இன்னும் சீக்கிரம் என்கின்றன. புதிய மீகடத்திக் கம்பிகளால் சிறிய இயந்திரம் சாத்தியம் என்பது நியாயமான வாதம். ஆனால் சிறிய இயந்திரத்தில் அதே வெப்பம் சின்னச் சுவரில் விழும், ரோபோ நுழைய இடமும் குறையும். அதற்கு அவர்கள் என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் தேடிப் பார்ப்பேன்.

அடுத்த முறை ‘செயற்கைச் சூரியன்’ செய்தி வந்தால் கேட்க வேண்டியவை:

1. டிரிட்டியம் போட்டார்களா, வெறும் டியூட்டீரியமா?

2. ஆற்றல் கணக்கு பிளாஸ்மா வரைக்கா, மீட்டர் வரைக்கா?

3. சுவர் எதனால் ஆனது, ஷாட்டுக்குப் பிறகு எந்த நிலையில் இருந்தது?

4. அடுத்த ஷாட் எப்போது? மறுநாளா, ஆறு மாதம் கழித்தா?

இந்த நான்காவதற்கு விடை பெரும்பாலும் செய்தியில் இருக்காது.

இந்தத் துறை வேலை என்றால் இயற்பியல் முனைவர்களுக்கு மட்டும் என்று இங்குள்ள மாணவர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. மேலே சொன்ன வேலைகளை வரிசையாகப் பார்த்தால் வெற்றிட ஃபிட்டர், வெல்டர், வெல்டிங்கைச் சோதிப்பவர், நீர் வேதியியலாளர், மின்முலாம் தெரிந்தவர், ரோபோ கரத்தை இயக்குபவர் என்று போகிறது. இவர்களில் பாதிப் பேருக்கான பாடம் காரைக்குடியிலேயே, அழகப்பா பெயர் தாங்கிய அரசுப் பொறியியல் கல்லூரியிலும் மின்வேதியியல் நிறுவனம் நடத்தும் பி.டெக். வகுப்பிலும் இருக்கிறது.